நான்கு மணிக்குப் பின்

கல்வி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்தக் கதவு திறந்தது, எந்தச் சட்டம் வந்தது, நம்மவருள் முதற்பட்டம் பெற்றவர் யார் என்பனவே அந்நூல்களில் காணக் கிடைக்கின்றன. பள்ளி விடும் மணி அடித்த பின்னர் அப்பிள்ளை எங்குச் சென்றது, எந்த விளக்கின் கீழ் அமர்ந்தது, யாரோடு பேசியது, என்ன விளையாடியது என்று கேட்டவர் மிகச் சிலர். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் பணித்தபோது, இக்கேள்வியையே எடுத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு தீர்மானம் முன்மொழிந்தார். நம் சமுதாயக் கூடத்தில் மாலை நேரத்தில் நடைபெற்றுவரும் கேரம், பாட்டு, நாடகம், கதை வாசிப்பு ஆகியவற்றை நிறுத்திவிட்டு, அந்நேரம் முழுவதையும் கணக்கு, அறிவியல் பாடங்களுக்கே ஒதுக்க வேண்டும் என்பது தீர்மானம். "விளையாடிக் கொண்டிருக்க நம் பிள்ளைகளுக்கு நேரமில்லை" என்றார். அவர் கூறியதில் தன்னலம் சிறிதும் இல்லை. தம் மகன் சில மதிப்பெண் குறைவால் விரும்பிய படிப்பை இழந்ததைக் கண்ட தந்தையின் குரல் அது. அதனாலேயே அவையில் ஒருவரும் உடனே மறுத்துப் பேச இயலவில்லை. விவாதம் ஒத்திவைக்கப்பட்டது. அவ்விவாதத்தில் நான் பேச எண்ணியதை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு எழுதுகிறேன்.

பள்ளி நேரத்துக்கு வெளியே நம் மக்களுக்குக் கல்வி தரும் முயற்சி புதிதன்று. மகாத்மா ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1855-ஆம் ஆண்டிலேயே புனேயில் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினர். பகலெல்லாம் உழைப்பவனுக்கு இரவு மட்டுமே சொந்தம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் பகலில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு மாலையில் என்ன வேண்டும் என்ற கேள்வி சற்று வேறானது. அதற்கு விடை காண டாக்டர் அம்பேத்கரின் மாணவப் பருவத்தைப் பார்ப்பது நலம்.

இராம்ஜி சக்பால் 1904-ஆம் ஆண்டில் தம் குடும்பத்தோடு பம்பாய் வந்து, ஆலைத் தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில், 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறையில் குடியேறினார். அந்த ஓர் அறையிலேயே சமையல், அதிலேயே விறகும் புகையும், அதிலேயே உறக்கம், ஆடு ஒன்றும் அதற்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது. அவ்விடத்தில் ஒரு மாணவன் படிப்பதெப்படி? மகன் முன்னிரவிலேயே உறங்கிவிடுவார். தந்தை இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, மகனை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். சிம்னி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கின் நடுங்கும் ஒளியில், வீடு முழுவதும் உறங்கும் வேளையில், மாணவர் பீமராவ் படித்தார். பகலில் அவர் சென்ற எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியோ, கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று சக மாணவர்கள் கூச்சலிட்ட பள்ளி.

பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே அவருக்கு வேறோர் இடம் இருந்தது. பள்ளி விட்டதும் அவர் சர்னி ரோடு பூங்காவுக்குச் சென்று, அங்கு அமர்ந்து பாடநூல் அல்லாத நூல்களைப் படிப்பார். அதே பூங்காவுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர். மராத்தியில் நூல்கள் இயற்றியவர். சீர்திருத்த எண்ணம் உடையவர். பிற சிறுவர்கள் ஓடியாடும் நேரத்தில் புத்தகமும் கையுமாக இருக்கும் இச்சிறுவரைக் கண்டு, யார் எவர் என்று வினவினார். பீமராவ் தம் சாதியை மறைக்காமல் கூறினார். கேளுஸ்கர் விலகிச் செல்லவில்லை. நூல்களைத் தேர்ந்து தரத் தொடங்கினார். பின்னர் ஒரு பாராட்டுக் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். மெட்ரிகுலேஷன் தேறிய பின் மேற்படிப்புக்குப் பணமின்றி நின்றபோது, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்று, மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தவரும் அவரே. அந்த உதவியின் தொடர்ச்சியாகவே 1913-ல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் வரை அவர் செல்ல முடிந்தது. அன்று கைக்கு வந்த புத்தர் வரலாற்றுக்கும், 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் கண்ட நிகழ்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அண்ணலே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இவ்வரலாற்றை நாம் மேடைதோறும் கூறுகிறோம். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகக் கூறி, பிள்ளைகளைக் கைதட்டச் செய்து அனுப்பிவிடுகிறோம். எனக்கோ அதில் வேறொன்று தென்படுகிறது. அந்தப் பூங்காவில் கேளுஸ்கர் வந்தமர்ந்தது தற்செயல். அவ்வாறு ஒருவரும் வந்தமராத பூங்காக்களில் எத்தனை பீமராவ்கள் இருட்டும் வரை அமர்ந்திருந்து வீடு திரும்பினரோ! அந்தத் தற்செயலை ஒரு நிலையான ஏற்பாடாக மாற்றுவதற்கே சமுதாயக் கூடம் வேண்டும். அங்கே ஓர் இடம் இருக்க வேண்டும். விளக்கு இருக்க வேண்டும். பாடநூலுக்கு அப்பாற்பட்ட நூல்கள் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயர் கேட்டுப் பேசும் பெரியவர் ஒருவரும் இருக்க வேண்டும்.

இது என் கற்பனை விளக்கம் மட்டுமன்று. டாக்டர் அம்பேத்கர் வெளிநாட்டுப் படிப்பை முடித்துத் திரும்பிப் பொதுவாழ்வில் இறங்கியபோது முதலில் நிறுவிய அமைப்பு, 1924 ஜூலை 20-ஆம் நாள் பம்பாயில் தொடங்கிய பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபா. பரேல் தாமோதர் மண்டபமே அதன் நிலைக்களம். மகாடு குளத்துப் போராட்டத்துக்கு மூன்றாண்டுகள் முந்தியது அது. அதன் குறிக்கோள்களைப் படித்துப் பாருங்கள். விடுதிகள் அமைத்துக் கல்வியைப் பரப்புவது முதற்குறிக்கோள். நூலகம், சமுதாய மையம், படிப்பு வட்டம் ஆகியவற்றின் வாயிலாகப் பண்பாட்டை வளர்ப்பது அடுத்தது. கல்வியை ஒரு குறிக்கோளாகவும் பண்பாட்டைத் தனியே மற்றொரு குறிக்கோளாகவும் அவர் பிரித்து வைத்தது கருதத்தக்கது. 1925-ன் தொடக்கத்தில் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. மாணவர்கள் தாங்களே 'சரஸ்வதி விலாஸ்' என்னும் மாத இதழ் நடத்தினர். பம்பாயில் இலவசப் படிப்பகம் திறக்கப்பட்டது. அதோடு நில்லாமல், இளைஞர் சூதிலும் குடியிலும் வீழாதிருக்க, ஹாக்கிக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது! கையில் காசில்லாத ஒரு சங்கம், தீர்க்க வேண்டிய துயரங்கள் ஆயிரம் இருந்த காலத்தில், ஹாக்கி மட்டைக்கும் பந்துக்கும் செலவு செய்தது. அன்றைய பொதுக்குழுவிலும் யாரேனும் எழுந்து "விளையாட நேரமில்லை" என்று கூறியிருக்கக்கூடும். கூறியிருந்தால், அக்குரல் வெல்லவில்லை.

'சமுதாய மையம்' என்ற சொல்லுக்கு ஒரு பின்னணி உண்டு. 1884-ல் இலண்டன் நகரின் ஏழைப் பகுதியான வைட்சேப்பலில் டாயின்பி மன்றம் தோன்றியது. பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஏழைகளின் நடுவே சென்று குடியிருந்து, மாலை வகுப்பும் மன்றமும் நடத்தும் முறை அங்கிருந்து பரவிற்று. அதைக் கண்டு வந்த ஜேன் ஆடம்ஸ் அம்மையார், தம் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஹால்ஸ்டெட் தெருவில், ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் திறந்தார். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், யூதர் எனப் பிழைப்பு தேடி வந்த மக்களின் குடியிருப்புகள்.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் நடந்ததை ஆடம்ஸ் அம்மையார் தம் வாழ்க்கை நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். குழந்தைகளுக்கு மிட்டாய் வழங்கினார்கள். சில சிறுமிகள் அதை வாங்க மறுத்துவிட்டனர். காரணம் கேட்டபோது, தாங்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், அதைக் கண்ணால் காணவும் பிடிக்கவில்லை என்றும் கூறினர். பண்டிகைக் காலத்து நெருக்கடியில் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அக்குழந்தைகள் அங்கு உழைத்திருந்தனர். சிவகாசித் தீப்பெட்டிக் குச்சிகளை அடுக்கிய சிறு விரல்களை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. மாலை மன்றம் நடத்த வந்தவர்கள், மாலையே இல்லாத குழந்தைகளைக் கண்டனர். அதன் விளைவு மன்றத்தின் சுவர்களோடு நிற்கவில்லை. அங்குத் தங்கிப் பணியாற்றிய ஃபுளோரன்ஸ் கெல்லி முதலியோரின் முயற்சியால், 14 வயதுக்குக் குறைந்தோரைத் தொழிற்சாலை வேலைக்கு அமர்த்தலாகாது என்று இல்லினாய் மாநிலம் 1893-ல் சட்டம் இயற்றியது.

ஹல் ஹவுஸில் இசைப் பள்ளி இருந்தது. ஓவியமும் நாடகமும் இருந்தன. விளையாட்டுத் திடல் இருந்தது. அதன் சிறுவர் இசைக்குழுவில் ஊதிப் பழகிய ஓர் ஏழை யூதச் சிறுவர், பிற்காலத்தில் பென்னி குட்மன் என்னும் பெயரால் உலகறிந்த கிளாரினெட் கலைஞரானார். மதிப்பெண் பட்டியலில் காண முடியாத கணக்கு இது.

ஹல் ஹவுஸின் தொடக்ககால அறங்காவலர்களுள் ஒருவர் கல்வியறிஞர் ஜான் டூயி. பள்ளிக்கூடம் ஒரு சமுதாய மையமாக விளங்க வேண்டும் என்பது குறித்து 1902-ல் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. அந்த டூயியே பின்னர் கொலம்பியாவில் அண்ணலுக்கு ஆசிரியரானார். 1902-ஆம் ஆண்டு உரையில் வந்த சொல்லையும் 1924-ஆம் ஆண்டுக் குறிக்கோளில் வந்த சொல்லையும் அருகருகே வைத்துப் பார்ப்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறேன். பம்பாயிலும் சிகாகோ முறையின் நேரான வாரிசு ஒன்று இருந்தது. கிளிஃபர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1920-களில் நடத்தத் தொடங்கிய நாக்பாடா அண்டை இல்லமே அது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1936-ல் பிறந்தது அவ்வில்லத்தில்தான்.

ஆனால், இந்நல்லோரின் கதவுகளும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அமெரிக்க நகரங்களில் இத்தகைய இல்லங்கள் பல, கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை; சேர்த்தாலும் தனிக் கிளை, தனி நாள் என்று ஒதுக்கின. நம் செவிக்குப் பழகிய செய்தி! எனவே அம்மக்கள் தங்களுக்கெனத் தாங்களே அமைத்துக்கொண்டனர். அட்லாண்டா நகரில் லுஜீனியா பர்ன்ஸ் ஹோப் அம்மையார் 1908-ல் அண்டையர் சங்கத்தைத் தொடங்கினார். கறுப்பினக் குழந்தைகளுக்கென்று நகரில் விளையாட்டிடம் இல்லாததைக் கண்டு, மோர்ஹவுஸ் கல்லூரியின் நிலத்தில் அதற்கு இடம் கேட்டுப் பெற்றது அவருடைய முதற்பணிகளுள் ஒன்று. தெருத் தெருவாகச் சென்று வீடுதோறும் குறை கேட்ட பெண்களே அச்சங்கத்தின் தூண்கள்.

இவ்வழியில் வந்ததும், நம் இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டியதும் ஓக்லந்து நகரின் வரலாறு. கறுஞ்சிறுத்தைக் கட்சி என்றதும் துப்பாக்கியும் கறுப்புத் தொப்பியுமே பலருக்கு நினைவுக்கு வரும். 1966-ல் தோன்றிய அக்கட்சி 1969 ஜனவரியில் ஓக்லந்து நகரத் தேவாலயம் ஒன்றில், பள்ளி செல்லும் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு வழங்கத் தொடங்கியது. 1971-ல் ஒரு சிறு பள்ளி நிறுவியது. அது 1973-ல் கிழக்கு ஓக்லந்தில் பெரிய கட்டடத்துக்கு மாறி, பின்னர் ஓக்லந்து சமுதாயப் பள்ளி எனப் பெயர் பெற்றது. எரிக்கா ஹக்கின்ஸ் என்னும் பெண்மணி அதன் இயக்குநராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். ஏறத்தாழ 150 குழந்தைகள். நாளுக்கு மூன்று வேளை உணவு. வயதை அளவாகக் கொள்ளாமல் திறத்தை அளவாகக் கொண்டு குழந்தைகளைப் பிரித்தனர். தவறு செய்த பிள்ளையை ஆசிரியர் அடிப்பதில்லை. பிள்ளைகளே அமைத்த நீதிக் குழு அவனோடு பேசித் திருத்தும்.

அதே கட்டடத்தில் இயங்கிய சமுதாயக் கற்றல் மையமோ மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்திருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடனம், நாடகம், தற்காப்புக் கலை. பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு. பேருந்தில் எழுந்து நிற்க மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் அங்கு வந்தபோது, பிள்ளைகள் அவர் வரலாற்றையே நாடகமாக நடித்துக் காட்டினர். 1977-ல் கலிபோர்னியாச் சட்டமன்றம் பள்ளியைப் பாராட்டியது. 1972-ல் பம்பாயில் நாமதேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் முதலியோர் தலித் சிறுத்தைகள் எனப் பெயர் சூட்டிக்கொண்டபோது, இக்கட்சியின் பெயரையே எடுத்துக்கொண்டனர். பெயரை எடுத்துக்கொண்ட நாம், அவர்கள் குழந்தைகளுக்குத் திறந்து வைத்த கூடத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை.

அப்பள்ளியின் முடிவையும் மறைக்காமல் கூற வேண்டும். 1982-ல் அது மூடப்பட்டது. பள்ளிக்கு வந்த அரசுப் பணத்தைக் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவர் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டார் என்று வழக்கு நடந்து, 1989-ல் அவர் தண்டனையும் பெற்றார். பல ஆசிரியர்கள் இரவு பகலாய்க் கட்டியதை ஒரு கணக்குப் புத்தகம் இடித்தது. ஹல் ஹவுஸின் முடிவு வேறு வகை. அதன் பழைய கட்டடங்களுள் பெரும்பாலானவை 1960-களில் பல்கலைக்கழகத்துக்காக இடிக்கப்பட்டன. வேறிடங்களில் பணி செய்துவந்த சங்கமும், வருவாயின் பெரும்பகுதிக்கு அரசு நிதியையே நம்பியிருந்து, 2012 ஜனவரியில் பணமின்றி நின்றது. நம் பொருளாளர் மாதந்தோறும் வரவு செலவைக் கூடத்தின் பலகையில் ஒட்டுவதையும், பத்து ரூபாய்ச் சந்தாவைக் கூட விடாமல் கேட்டு வருவதையும் கேலி செய்யும் இளைஞர்கள் இவ்விரண்டு முடிவுகளையும் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக.

நம் நகருக்கு வருவோம். 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி திறந்தார். 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைகள் வந்தனர். 2022-ல் காலை உணவுத் திட்டமும் வந்தது. இவ்வாறு காலைக்கும் நண்பகலுக்கும் விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மாலைக்கு அரசு அளித்த பெரிய விடை, கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின்னர், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வீட்டு வாசலிலும் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்தினர். பாட்டும் விளையாட்டும் கதையும் அவ்வகுப்பின் முறையாக இருந்தன. விட்டுப்போன எழுத்தைக் கூட விளையாட்டின் வழியாகவே மீட்க முடிந்தது என்பதை அவ்வகுப்புகளை நேரில் கண்டவர்கள் அறிவர்.

2000-ஆம் ஆண்டு முதல் நகரின் நடுவிலிருந்த நம் குடியிருப்புகள் பலவும் அகற்றப்பட்டு, மக்கள் கண்ணகி நகருக்கும் பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். பழைய பள்ளியை விட மனமின்றிப் பேருந்தில் நெடுந்தூரம் சென்று திரும்பிய பிள்ளைகளுக்கு மாலையே பேருந்தில் கழிந்தது. அத்தகைய கண்ணகி நகரில், மாலையில் கபடிப் பயிற்சி பெற்ற பெண்களுள் ஒருவரான கார்த்திகா, 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அவ்வூரின் பெயரைக் கேட்டதும் முகம் சுளித்தவர்கள் அவ்வாரம் மாலையோடு சென்றனர்.

மீண்டும் நம் தீர்மானத்துக்கு வருகிறேன். கணக்கும் அறிவியலும் வேண்டாமென்று நான் கூறவில்லை. வேண்டும், இன்னும் செம்மையாக வேண்டும். ஆனால், காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வயலின் வகுப்பும் நீச்சலும் சதுரங்கமும் மாலைதோறும் கிடைக்கின்றன. அவற்றை யாரும் வீண் என்று கூறுவதில்லை. நம் பிள்ளைக்கு மட்டும் தேர்வுக்குரிய பாடம் போதும் என்று நாமே தீர்மானம் இயற்றினால், நூற்றாண்டுகளாகப் பிறர் நமக்கு அளந்து கொடுத்ததையே நாமும் அளந்து கொடுத்தவர்கள் ஆவோம். ஐந்து மணி முதல் ஆறரை வரை பாடம். அதன் பின் அலமாரியும் கேரம் பலகையும் திறக்கட்டும் என்பதே நான் பொதுக்குழுவில் முன்வைக்கவிருக்கும் திருத்தம்.

சென்ற மாதம் ஒரு நாள், எட்டு மணிக்குக் கூடத்தைப் பூட்டச் சென்றேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கதைப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தாள். "ஐயா, இன்னும் கொஞ்ச நேரம் விளக்கை அணைக்காதீர்கள், வீட்டில் தம்பி தூங்கிவிட்டிருப்பான், விளக்குப் போட முடியாது" என்றாள். நான் வாசற்படியில் அமர்ந்துகொண்டேன். மறுநாள் அவளோடு இன்னும் இருவர் இருந்தனர். அன்று முதல் கூடத்தின் சாவி ஒன்பது மணிக்குத்தான் என் கைக்கு வருகிறது.